நினைத்ததும் சொன்னதும்

இந்துமதி நினைக்கக் கூடாத சொற்கள் மூன்று இருந்தன. நீலம், தவளை, வக்காலத்து. தனித்தனியாக நினைத்தால் ஒன்றுமில்லை. அதே வரிசையில் அடுத்தடுத்து மனசுக்குள் சொல்லிவிட்டால், கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அதற்குப் பிறகு அவள் மனசுக்குள் பேசுவதெல்லாம் ஹால் வரைக்கும் கேட்கும்.

அவளே தேர்ந்தெடுத்த சொற்கள்தாம். கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவள் அவள். ஒரு திங்கட்கிழமை காலையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது கீழே விழுந்தாள். மூளைத்தண்டில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. கண்களை மேலும் கீழும் அசைக்க முடிந்தது, இமைக்க முடிந்தது. மற்றபடி உடம்பில் எதுவும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை.

முதல் மூன்று வருடங்கள் அவளுடைய பேச்செல்லாம் மகள் மிதுனா வழியாகத்தான் நடந்தது. பதினொரு வயதில் அந்தப் பிள்ளை தானாகவே ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். "உயிரா, மெய்யா? வல்லினமா, மெல்லினமா, இடையினமா?" என்று வரிசையாகக் கேட்பாள். சரியான இடம் வந்ததும் இந்துமதி கண்ணை மேலே தூக்குவாள். அது 'ஆமாம்'. கீழே தாழ்த்தினால் 'இல்லை'. ஒரு வாக்கியம் முடிவதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். ஆனாலும் மிதுனா பாதியிலேயே சொல்லை ஊகித்து முடித்துவிடுவாள். கணவர் நந்தகோபாலுக்கு அந்த வித்தை கடைசிவரை பிடிபடவில்லை. கணபதியில் பம்ப்செட் கடை வைத்திருந்தவர், அதை மூடிவிட்டு மனைவியைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் போடும் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தார்.

பிறகுதான் இந்தக் கருவி வந்தது. மண்டையோட்டுக்கு அடியில் பேச்சுக்கான பகுதியின்மேல் தபால்தலை அளவில் ஒரு சில்லு. மாநிலம் முழுக்கப் பதினொரு பேருக்குப் பரிசோதனையாகப் பொருத்தினார்கள். இயக்கிக் காட்ட ஷைலஜா என்ற இளம் பொறியாளர் வீட்டுக்கே வந்தாள்.

"நாம வாயைத் திறந்து பேசறதுக்கு முன்னாடி மூளையில ஒரு ஒத்திகை நடக்குது மேடம். நீங்க மனசுக்குள்ள பேசறப்பவும் அந்த ஒத்திகை நடக்குது. இது அதைக் கேட்டு, உங்க பழைய குரல்ல சொல்லும். நீங்க கட்சிக்காரங்களுக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் வச்சு அந்தக் குரலைச் செஞ்சிருக்கோம்."

நந்தகோபால் கேட்டார். "அப்ப மனசுல ஓடறது எல்லாமே வெளிய வந்துருமுங்களா?"

"அதுக்குத்தான் பூட்டு சார். சாதாரணமா யாருமே நினைக்காத மாதிரி ஒரு சொற்றொடர் வேணும். அதை நினைச்சாத்தான் கதவு திறக்கும். மறுபடி நினைச்சா மூடிக்கும். மூடியிருக்கறப்ப எதையும் நாங்க சேமிக்கறதில்ல. காத்தோட போயிரும்."

நீலத் தவளை ஒன்று வக்காலத்துப் போட்டு நீதிமன்றத்துக்கு வருவதாக இந்துமதி கற்பனை செய்தாள். மிதுனா அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பை அந்த வீடு கேட்டு நாளாகியிருந்தது.

அன்று மாலை, மூன்று வருடங்களுக்குப் பிறகு, இந்துமதியின் முதல் வாக்கியம் வெளியே வந்தது. "ஏனுங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க. பல்லெல்லாம் கிட்டுது." நந்தகோபால் ரெகுலேட்டரைத் திருகியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நல்ல மாதங்கள் அவை. மிதுனாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பழைய ஜூனியர்களின் வழக்குகளுக்கு யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்வருடன் பேசினாள். அன்வர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அவருக்கு. அவருக்கும் இதே கருவிதான். படுத்த படுக்கையில் இருந்துகொண்டே போனில் பேரம் பேசி, மறுபடி மண்டியைத் தன் கைக்குக் கொண்டுவந்திருந்தார். "அக்கா, எனக்கு மூச்சு விடறதுக்குத்தான் மெஷின் வேணும்னு நினைச்சேன். வாயைக் கொடுத்தப்புறந்தான் மூச்சே வருது" என்பார்.

ஆனால் இந்துமதிக்குள் ஒரு பயம் முளைத்திருந்தது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் குரங்குதானே முதலில் வந்து உட்காரும். கோபம் வரும்போது, பிறர் அறியக் கூடாத ஒன்று மனசில் ஓடும்போது, 'அந்த மூன்று வார்த்தை வந்துவிடக் கூடாதே' என்று தோன்றும். அப்படித் தோன்றிய உடனே, 'எந்த மூன்று வார்த்தை?' என்று இன்னொரு மூலையிலிருந்து ஒரு கேள்வி எழும். அவள் பதறிப்போய் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிப்பாள். பதினேழாம் வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில்கூட அவள் அவ்வளவு சிரத்தையாகச் சொன்னதில்லை. ஷைலஜாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று சொல்லவில்லை.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு விடுமுறை மதியம் அது நடந்தது. நந்தகோபால் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். மிதுனா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். திருப்பூரிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தாள். கையெல்லாம் பவுடராக இருந்ததால் அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"எப்படி இருக்கறா?"

"இருக்கறாக்கா. எப்படியோ ஓடுது, பாவம். என்ன பண்றது, என்ற தலையெழுத்து."

தினமும் யாரிடமாவது அவர் சொல்வதுதான். அன்றைக்கு அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே, அவள் அங்கு இல்லாததுபோலச் சொன்னார். இந்துமதிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஏறும்போதே பயமும் ஏறியது. இப்போது வந்துவிடக் கூடாது, இப்போது மட்டும் கூடாது என்று நினைத்தாள். நீலமாக ஒன்று வந்தது. தவளைதான். கையில் வக்காலத்து வைத்திருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

"இந்தாளு நாளைக்கே போய்ச் சேர்ந்தாலும் தேவலை. என்னைய ஒரு ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவாங்க. அங்க எவனும் என்னைப் பாவம்னு பார்க்க மாட்டான்."

நீதிமன்றத்தில் பேசும் அதே குரல். ஒரு தடுமாற்றமும் இல்லை. அதோடு நிற்கவும் இல்லை. கதவு திறந்தே கிடந்ததால் அடுத்தடுத்து எல்லாம் அதே நிதானமான குரலில் வந்துகொண்டிருந்தன. "ஐயோ. மூடு. மூடு. மிது கேட்டுட்டா. அவங்கக்காவும் கேட்டிருப்பா. மூடு. எப்படி மூடறது, மறந்துபோச்சு, மூடு."

போனில் அக்கா, "யாரு பேசறது, இந்துவா?" என்று கேட்டாள். நந்தகோபால் பவுடர்க் கையாலேயே போனை அணைத்தார். இந்துமதிக்கு அந்தச் சொற்கள் ஒருவழியாகக் கிடைத்தன. விளக்கு அணைந்தது.

அவர் பவுடர் போட்டு முடித்தார். சட்டையை இழுத்துவிட்டார். அவளை நேராகப் படுக்கவைத்து, வழக்கம்போலக் கழுத்துக்கு அடியில் சின்னத் தலையணையைச் செருகினார். எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இந்துமதி மறுபடி கதவைத் திறந்தாள். "ஏனுங்க. அது அப்படி இல்லீங்க. கோவத்துல ஓடினது. அது நான் சொன்னதில்ல."

"செரி இந்து. விடு."

மிதுனாதான் விடவில்லை. "அப்ப யார்மா சொன்னது? உன்ற குரல்தானே?"

"குரல் என்னோடதுதான் கண்ணு. ஆனா நான் சொல்லணும்னு சொல்லல."

"சொல்லணும்னு சொல்றதுன்னா, எங்களுக்குப் பிடிக்கற மாதிரி பாத்துப் பாத்துச் சொல்றது. அதானே? எனக்குக் கணக்கு நல்லா வருதுன்னு சொல்வியே. அப்ப உள்ள என்ன ஓடுச்சு?"

இந்துமதிக்குத் தன் பழைய கட்சிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு கோபத்தில் வந்த ஒரே ஒரு வாக்கியத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு எத்தனை பேர் அவளிடம் வந்திருக்கிறார்கள். 'பாருங்க மேடம், இதுதான் இவரோட நிஜ முகம்' என்பார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பத்து வருட வாழ்க்கையை அவள் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது எதிர்த்தரப்புக் கூண்டில் அவளே நின்றாள்.

அதன் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. மிதுனா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே தன் அறைக்குப் போனாள். நந்தகோபால் போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினார். அவள் பேசினால் இருவரும் கவனமாகக் கேட்டார்கள், அளவுக்கு மீறிக் கவனமாக. 'சாம்பார் நல்லா இருந்தது' என்றால்கூட அந்தச் சொல்லுக்கு அடியில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினார்கள். அவளுக்கோ கதவைத் திறக்கவே நடுக்கம். எதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று எண்ணத் தொடங்கினால் அது முடிவதே இல்லை.

ஷைலஜா வந்தாள். நந்தகோபால்தான் கூப்பிட்டிருந்தார். இருவரும் வாசலில் நின்று நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு ஷைலஜா உள்ளே வந்து பெட்டியைக் கழற்றி மடிக்கணினியில் பொருத்திப் பார்த்தாள். மிதுனாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தக் கருவி ஒவ்வொரு சொல்லையும் முழுசாக் கேக்கறதில்ல. கொஞ்சம் கேட்டுட்டு மிச்சத்தை ஊகிக்கும். மனுஷங்க வழக்கமா எப்படிப் பேசுவாங்கன்னு அதுக்குத் தெரியும். 'இந்தாளு நாளைக்கே'ன்னு மேடம் எதையோ நினைக்க ஆரம்பிச்சிருக்கலாம். மிச்சத்தை இதுவே கட்டி முடிச்சிருக்க வாய்ப்பிருக்கு. இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியாது. அப்படித்தான் எழுதப் போறேன்."

மிதுனாவின் முகத்தில் படிந்திருந்த இறுக்கம் அப்படியே இளகியது. "அப்ப அம்மா நினைக்கவே இல்லையா?"

"நினைக்காம இருந்திருக்கலாம்."

அது போதுமானதாக இருந்தது. அந்தப் பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சாரிம்மா, சாரிம்மா" என்றாள். நந்தகோபால் சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டார். இந்துமதி கண்களை மேலே தூக்கவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. 'எவனும்' என்பதுகூட அவளுடையது. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. சந்தேகத்தின் பலனைக் கட்சிக்காரருக்குத் தருவது சட்டம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, மகளின் மூச்சுக்காற்று கழுத்தில் படும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

பொய் வீட்டோடு நின்றிருந்தால் அவள் அப்படியே காலம் தள்ளியிருப்பாள். அது நிற்கவில்லை.

ஒரு காலையில் ஷைலஜாவிடமிருந்து போன் வந்தது. அவள் குரல் உடைந்திருந்தது. "நோயாளி நினைக்காததைக் கருவி பேசியிருக்கலாம்னு எழுதினேன்ல மேடம். நெறிமுறைக் குழு அதைப் பெரிய ஆபத்தா எடுத்துக்கிட்டாங்க. நாளைக்கே ஒருத்தர் சொத்தை எழுதி வைக்கறேன்னு கருவி தானாச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதினொரு பேருக்கும் நிறுத்திடச் சொல்லிட்டாங்க. எவ்வளவு நாள்னு தெரியல. மொத்தமாகவே நிறுத்திடலாம்னும் ஒரு பேச்சு இருக்கு."

மதியத்துக்கு மேல் அன்வரின் மனைவி வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பினாள். அவர்களுக்குக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள் போலும். "அக்கா, உங்களுக்கும் நிறுத்திட்டாங்களா? இவரு காலையில இருந்து கண்ணையே திறக்க மாட்டேங்கறாருக்கா. கண்ணாலயாவது பேசுங்கன்னு கெஞ்சறேன். இறுக மூடிட்டுக் கிடக்கறாரு. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சாச் சொல்லுங்க."

நந்தகோபால் அதைப் போட்டுக் காட்டிவிட்டு போனை மேசைமேல் வைத்தார். மிதுனா இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவில்லை. இந்துமதி கதவைத் திறந்தாள். எஞ்சியிருந்தது அந்தப் பிற்பகல் மட்டும்தான்.

"ஏனுங்க. மெஷின் தப்புப் பண்ணல. நான் அப்படியேதான் நினைச்சேன்."

"தெரியும்" என்றார் அவர்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. "எப்படி?"

"இருவது வருசமா உன்கூட இருக்கறேன். நீ பேசினா எனக்குத் தெரியாதா? கோவம் வந்தா நீ வாக்கியத்தை முடிக்காம விடமாட்டே. மெஷினுக்கு அவ்வளவு நறுவிசு வராது." அவர் சிரிக்க முயன்றார். "நான்தான் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். உறுதியாச் சொல்ல முடியாதுன்னு எழுதினாப் போதும், பொய் எழுத வேண்டாம்னு சொன்னேன். அவளுக்கும் அது உண்மைதானாம். எனக்காக இல்ல. மிதுவுக்காக. அந்தப் புள்ளை ராத்திரியெல்லாம் அழுதுட்டு இருந்துச்சு. பதினோரு பேரு வாயைக் கட்டுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"குழுகிட்ட நான் போறேன். உண்மையைச் சொல்றேன்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கும் இது ஓடாது. எப்படிச் சொல்லுவே?"

"மிதுவைக் கூட்டிட்டுப் போலாங்க."

நந்தகோபால் எழுந்து நின்றார். "இந்து, அவ வாயாலயா? அவ நிம்மதியா இருக்கறதே அது உன் பேச்சில்லைன்னு நம்பித்தான். நான் படிக்கறேன் அந்த எழுத்தை. தட்டுத்தடுமாறிப் படிச்சுடுவேன்."

"உங்களுக்கு வல்லினம் மெல்லினமே தெரியாதுங்க."

அதுதான் கருவி வழியாக அன்று அவள் பேசிய கடைசி வாக்கியம். பேச்சை மாற்றி அவர் இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் இருந்த எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன.

குழு அவினாசி சாலையில் இருந்த மருத்துவமனையின் கூட்ட அறையில் கூடியது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவர் தலை நரைத்த ஒரு நரம்பியல் மருத்துவர். ஷைலஜா சுவரோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏசியின் குளிரில் இந்துமதியின் தொடையில் தசை துடித்தது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை. மிதுனா பள்ளிச் சீருடையிலேயே வந்து சக்கர நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா ஏதோ கருவியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொல்றதை அப்படியே சொல்லும்மா" என்றார் தலைவர்.

"சரிங்க சார். அம்மா, ஆரம்பிக்கலாமா? உயிரா?"

கண் மேலே.

'அது நான்' என்பது சீக்கிரமே வந்துவிட்டது. மிதுனாவின் குரலில் ஒரு வேகம் இருந்தது, பழைய வித்தை கைவிட்டுப் போகவில்லை என்ற பெருமை. "மெல்லினம்? ங, ஞ, ண, ந. நி? சரி. அடுத்து? னை. நினை. அது நான் நினை..." அவள் வழக்கம்போல முந்திக்கொண்டாள். "நினைக்கல?"

இந்துமதி கண்ணைத் தாழ்த்தினாள்.

"நினைக்கவே இல்ல?"

கண் கீழே.

மிதுனா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "நினைச்சதில்ல. அப்படித்தானேம்மா? நினைச்சதில்லன்னு முடிக்கட்டுமா?"

ஒரு தூக்குத் தூக்கினால் போதும். மகளே வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்வர் கண்களை இறுக மூடிக்கொண்டு கிடப்பது இந்துமதிக்குத் தெரிந்தது. பார்வை மங்கியது, கண்ணீரைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை எழாது. கண்ணைத் தாழ்த்தினாள்.

மிதுனாவின் குரல் மெலிந்துபோனது. "வல்லினம்? க, ச. ச். ச. து." அவள் நிறுத்தினாள். எல்லோருக்கும் கேட்டுவிட்டிருந்தது. ஆனாலும் முழு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

நந்தகோபால் எழுந்து வந்து மகளின் தோளில் கைவைத்தார். "போதும் அம்மணி. எந்திரி. மிச்சத்தை நான் சொல்றேன்."

"வேண்டாம்பா. உங்களுக்கு வராது." அவள் மூக்கைச் சீருடைக் கையில் துடைத்துக்கொண்டு குழுவைப் பார்த்துச் சொன்னாள். "அது நான் நினைச்சது. அம்மா சொல்றாங்க."

பிறகு ஒவ்வொரு எழுத்தாக மற்றவையும் வந்தன. இம்முறை மிதுனா எதையும் ஊகிக்கவில்லை. கடைசி எழுத்து வரும்வரை பொறுத்திருந்தாள். மெஷின் சரி. பூட்டு தப்பு. பயந்தால் திறக்கிறது. அன்வருக்குக் குரல் கொடுங்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஏங்கம்மா முன்னாடியே சொல்லல?"

'பயம்' என்று வந்தது.

குழுவில் இருந்த ஒரு பெண் உறுப்பினர் தயக்கத்துடன் கேட்டாள். "அப்ப ஒரு நோயாளி மனசுல ஓடறதையெல்லாம் அவங்க சம்மதிச்சுச் சொன்னதா நாங்க எடுத்துக்கலாமா? நாளைக்கு இது கோர்ட்டுக்கு வரும். நீங்க வக்கீல், அதனால கேக்கறேன்."

அதற்கான பதில் வருவதற்கு மேசையில் வைத்த தேநீர் ஆடை கட்டும்வரை ஆனது. மிதுனா அதை வாசித்தபோது எழுதி வைத்ததைப் படிப்பதுபோல இருந்தது. "ஓடறது சாட்சி இல்ல. எதை வெளிய விடறேனோ அதுக்குத்தான் நான் பொறுப்பு. எனக்கு அந்தக் கதவு வேணும். ஆனா சாவி என்கிட்ட இருக்கணும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேனில் மிதுனா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பாமலே சொன்னாள். "நீ இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் எடுத்துக் கொடுத்தேன்ல."

இந்துமதியிடம் பதில் இருந்தது. அதைப் பெறுவதற்கு மகள் திரும்பி அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். மிதுனா திரும்பவில்லை.

அன்வருக்குத்தான் முதலில் குரல் திரும்பி வந்தது. குழுவுக்கு அவர் சொன்ன முதல் வாக்கியத்தை அவர்கள் குறிப்பில் எழுதவில்லை என்று ஷைலஜா சொன்னாள். எழுதக்கூடிய வாக்கியம் இல்லையாம். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகத் திறந்துவிட்டார்கள். பழைய பூட்டு வேண்டுமென்பவர்களுக்குப் பழைய பூட்டு. அன்வர் அதையே வைத்துக்கொண்டார். மண்டியில் பேரம் பேசும்போது யோசித்து நிறுத்தினால் விலை போய்விடும் என்றார்.

இந்துமதி வேறு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். இப்போது நினைத்த வாக்கியம் முதலில் அவளுக்கு மட்டும் தெரியும்படி ஒரு சின்னத் திரையில் எழுத்தாக வரும். அவள் கண்ணை மேலே தூக்கினால்தான் ஒலிக்கும். தாழ்த்தினால் அழிந்துவிடும். பேச்சு முன்னைப்போல ஓடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் எதிரில் இருப்பவர் காத்திருப்பார், அவள் எதையோ அழிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அதை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. மிதுனா கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வரத் தொடங்கினாள். வந்து உட்கார்ந்ததும் முதலில் அம்மாவின் கண்ணைத்தான் பார்ப்பாள், அது கீழே போகிறதா என்று.

ஆனி மாதத்துச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் மிதுனா டியூஷனுக்குப் போயிருந்தாள். நந்தகோபால் ராகிக் கூழை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி முடித்து அவள் வாயைத் துடைத்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நினைச்சது... இப்பவும் நினைக்கறியா?"

திரையில் எழுத்துகள் வந்தன. 'இல்லவே இல்லீங்க.' இந்துமதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினாள். அது அழிந்தது. அவர் அந்தக் கண் தாழ்ந்ததைக் கவனித்தார், காத்திருந்தார். அடுத்து வேறொன்று வந்தது. அது நீளமாக, வாதம்போல இருந்தது. அதையும் அழித்தாள். மூன்றாவதாக வந்ததில் இரண்டே சொற்கள் இருந்தன. கண்ணை மேலே தூக்கினாள்.

"சில நாள்."

நந்தகோபால் கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த கூழை ஸ்பூனால் வழித்தார். வழித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார்.